எஸ்போசித்தோ எந்த ஊர்ப் பெயர்? இத்தாலியக் குடும்பப் பெயரின் வேரையும் பரவலையும் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

நேப்பிள்ஸ் நகரத்தின் பழைய பகுதியான ஃபோர்ச்செல்லாவில் அனுன்சியாத்தா என்றொரு பெரிய தேவாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கட்டடத்தின் சுவரில் ஒரு சின்னத் திறப்பு. அதற்குப் பின்னால், நின்ற இடத்திலேயே சுழலும் ஒரு மர உருளை. வளர்க்க வழியில்லாத தாயோ, அவளுக்காக வேறு யாரோ வந்து, குழந்தையை அந்தத் திறப்பு வழியாக உருளைக்குள் கிடத்திவிட்டுப் போவார்கள். உள்ளே இருக்கும் பெண் உருளையைத் திருப்பிக் குழந்தையை எடுத்துக்கொள்வாள். வெளியே நிற்பவர் யார் என்று உள்ளே தெரியாது. உள்ளே எடுப்பவர் யார் என்று வெளியே தெரியாது. இந்த உருளைக்கு 'ருவோத்தா' என்று பெயர். சக்கரம் என்று பொருள். 1875இல்தான் நேப்பிள்ஸ் சக்கரம் மூடப்பட்டது.

எடுத்த குழந்தையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வந்த நேரம், ஏறக்குறைய வயது, மேலே இருந்த துணி, கழுத்தில் கிடந்த அடையாளம், வைத்த பெயர் என்று எல்லாம் எழுதிவிடலாம். குடும்பப் பெயருக்கு எங்கே போவது? 'எஸ்போசித்தோ' என்று எழுதினார்கள். லத்தீனில் 'எக்ஸ்போசித்துஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்டவன். அனுன்சியாத்தாவின் பதிவேட்டில் இந்தப் பெயரோடு முதலில் வருபவன் ஃபாப்ரித்சியோ என்ற இரண்டு வயதுச் சிறுவன். நாள் 1623 ஜனவரி 1.

இன்று இத்தாலியில் அதிகம் வழங்கும் குடும்பப் பெயர்களை வரிசைப்படுத்தினால் ரொஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி ஆகிய மூன்றுக்கும் அடுத்து வருவது எஸ்போசித்தோதான். நேப்பிள்ஸ் நகரத்தில் அதற்குத்தான் முதலிடம். தகப்பன் பெயர் தெரியாத குழந்தைகளுக்கு இட்ட பெயர் ஒரு மாநகரத்தின் முதல் பெயராகிவிட்டது. இந்த ஒரு பெயரை உதாரணமாகக் கையில் வைத்துக்கொண்டு, எந்த இத்தாலியக் குடும்பப் பெயரையும் எப்படித் தேடுவது என்று சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தேடலில் இறங்குபவர்கள் எல்லோரும் முதலில் பெயரின் பொருளைத் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், நிறைய நாள் வீணானது. ஒரே பெயர் இரண்டு ஊரில் இரண்டு காரணத்தால் வந்திருக்கலாம். ஊர் தெரியாமல் பொருள் சொல்வது ஊகம்தான். அதனால் முதலில் ஊரைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் அந்த ஊரின் பதிவேட்டைப் பாருங்கள். பொருள் கடைசியில் வரட்டும்.

முதல் படி: கையில் இருக்கும் எழுத்தைச் சரிபாருங்கள்

1876 முதல் 1915 வரையிலான நாற்பது ஆண்டுகளில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் இத்தாலியை விட்டுப் புறப்பட்டதாகக் கணக்கு. அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில் என்று போன இடத்தின் எழுத்து முறைக்கு ஏற்பப் பெயர்கள் உருமாறின. என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர் புவெனஸ் அயர்ஸில் பிறந்தவர். அவர் குடும்பப் பெயரும் எஸ்போசித்தோதான். அதில் 'போ'வின் மேல் ஒரு சாய்கோடு போட்டு எழுதுவார். அது ஸ்பானிய வழக்கம், இத்தாலியில் அந்தக் கோடு கிடையாது. அது சின்ன மாற்றம்தான், ஆபத்தில்லை. ஆனால் பெயரில் 'எஸ்' இருக்கும் இடத்தில் 'எக்ஸ்' இருந்தால் கவனமாக இருக்க வேண்டும். ஸ்பெயினிலும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இதே லத்தீன் சொல்லை வைத்தார்கள். அங்கே 'எக்ஸ்போசித்தோ' என்று தனியாக ஒரு பெயர் உண்டு. இரண்டும் ஒரே வழக்கத்திலிருந்து வந்தவை, ஆனால் நாடு வேறு, குடும்பங்கள் வேறு.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையை நம்பித் தேடாதீர்கள். பயணிகள் பட்டியலை எழுதியது கப்பல் கம்பெனிதான், அதுவும் புறப்படும் துறைமுகத்திலேயே. தீவில் இருந்தவர்கள் அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாறியது பெரும்பாலும் அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத்திலோ வேலை செய்த இடத்திலோ குடியுரிமை மனுவிலோ. அதனால் கப்பல் பட்டியலில் இருக்கும் எழுத்து பெரும்பாலும் பழைய எழுத்தாகவே இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். கூடவே குடியுரிமை மனு, கல்யாணப் பதிவு, கல்லறைக் கல் எல்லாவற்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பும் முக்கியம். ஆங்கிலம் படித்த நமக்கு சி, எச் என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்தால் 'ச' என்று படிக்கத் தோன்றும். இத்தாலியில் அது 'க'. இந்த விதி தமிழர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. வீரமாமுனிவரின் குடும்பப் பெயரை நாம் 'பெஸ்கி' என்று சரியாகவே எழுதி வருகிறோம். 1680இல் மாந்துவா பக்கம் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில் பிறந்தவர் அவர். அவர் பெயரின் கடைசியில் இருப்பது அந்த சி, எச், ஐ தான். ஆக, பியாங்கி என்பதை 'பியாஞ்சி' என்று எழுதிக்கொண்டு தேடினால் வேறு பெயருக்குள் போய்விடுவீர்கள்.

எழுத்து மாறியதற்கு இத்தாலிக்குள்ளேயே ஒரு கசப்பான காரணமும் உண்டு. பாசிச ஆட்சி 1926இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வடகிழக்கு எல்லையில் முதலில் திரெந்தோவிலும் அடுத்த ஆண்டு த்ரியெஸ்தே பக்கத்திலும் ஜெர்மன், ஸ்லாவியப் பெயர்களை 'இத்தாலிய வடிவத்துக்கு' மாற்றச் சொன்னது. வோதோபிவெத்ஸ் என்ற ஸ்லோவேனியப் பெயர் பெவிலாக்குவா ஆனது. இரண்டுக்கும் தண்ணீர் குடிப்பவன் என்று பொருள். உங்கள் தேடல் அந்த எல்லைப் பக்கம் போனால், 1926க்கு முந்தைய பத்திரம் ஒன்றாவது கையில் இல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாம் படி: பெயரின் ஈற்றைப் பாருங்கள்

இத்தாலியப் பெயர்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். எந்த உயிர் என்பதிலேயே ஊர் பாதி தெரிந்துவிடும். இகரத்தில் முடிந்தால் (ரொஸ்ஸி, ஃபெர்ராரி, பியாங்கி) வடக்கையும் நடுப்பகுதியையும் பாருங்கள். ஓகாரத்தில் முடிந்தால் (ருஸ்ஸோ, ஃபெர்ராரோ, எஸ்போசித்தோ) தெற்கில் தேடத் தொடங்கலாம். இது விதி இல்லை, ஒரு சாய்வு. ஃபெர்ரேரோ ஓகாரத்தில்தான் முடிகிறது, ஆனால் அது வடமேற்கின் பியெமோந்தேப் பெயர்.

மெய்யெழுத்தில் முடிந்தால் தேடல் எளிது. 'ன்' என்று முடியும் பெனெத்தொன், த்ரெவிசான், ஃபுர்லான் போன்றவை வெனிஸைச் சுற்றிய வெனெத்தோவையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்தவை. உகரத்திலோ 'ஸ்' என்றோ முடிந்தால் (கோஸ்ஸு, லுஸ்ஸு, பிராஸ், மெலிஸ்) சார்தீனியத் தீவு. முன்னால் 'லோ', 'லா' என்று ஒட்டிக்கொண்டிருந்தால் (லோ ப்ரெஸ்தி, லா ரோசா) சிசிலியை முதலில் பாருங்கள். கடைசி ஆகாரத்தை அழுத்திச் சொல்லும் லகானா போன்றவை கலாப்ரியாவில் கிரேக்க மொழி பேசப்பட்ட காலத்தின் மிச்சம்.

நம் உதாரணப் பெயருக்கு வருவோம். எஸ்போசித்தோ என்றால் நேப்பிள்ஸ். முன்னால் ஒரு 'த' சேர்ந்து தெஸ்போசித்தோ ஆனால் நேப்பிள்ஸுக்குத் தெற்கே சொர்ரெந்தோ தீபகற்பம். தெல்யி எஸ்போஸ்தி என்றால் அது வடக்கே பொலோன்யா. ஒரே சொல், ஒரே வழக்கம், ஆனால் வடிவம் ஊருக்கு ஊர் வேறு. அந்த வடிவ வேறுபாடுதான் உங்களுக்கு வழிகாட்டி. பெயரை 'திருத்தி' எழுதிக்கொண்டு தேடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாம் படி: எந்த வகை என்று பிரியுங்கள்

பழைய ரோமானியர்களுக்கு மூன்றடுக்குப் பெயர் இருந்தது. ரோமப் பேரரசு சரிந்த பிறகு அது வழக்கொழிந்து, பல நூற்றாண்டு ஆளுக்கு ஒரே பெயர்தான். 10, 11ஆம் நூற்றாண்டு வாக்கில் வெனிஸின் பெரிய குடும்பங்களில் குடும்பப் பெயர் மறுபடி தலைகாட்டியது. சாதாரண ஜனங்களிடம் அது நிலைத்ததற்குத் திருச்சபைதான் காரணம். திரெந்தோவில் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம் 1563இல் ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு கோயிலின் கீழ் வரும் ஒவ்வொரு வட்டத்திலும், கல்யாணங்களையும் ஞானஸ்நானங்களையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தது. 1614இல் மரணமும் அதோடு சேர்ந்தது. பங்குத்தந்தை எழுதியதுதான் பெயர் என்று ஆனது. அதற்கு முன்னால் மகன் ஒரு பெயர், தகப்பன் ஒரு பெயர் என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வகைகள் நான்கு. தகப்பன் பெயரால் வந்தவை: தி ஜொவான்னி, தெ லூக்கா, மர்த்தீனி. உடலையோ குணத்தையோ வைத்து வந்த பட்டப்பெயர்கள்: செம்பட்டை முடிக்கு ரொஸ்ஸி, தெற்கில் ருஸ்ஸோ, சுருட்டை முடிக்கு ரிச்சி. மற்ற இரண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தொழிற்பெயர் என்றால் கொல்லர்தான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கொல்லர் இருந்தார், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அவருக்கு ஒரு சொல் இருந்தது. எமிலியா, லொம்பார்தியாவில் ஃபெர்ராரி. பியெமோந்தேயில் ஃபெர்ரேரோ. தெற்கே ஃபெர்ராரோ. ரொமான்யா, தொஸ்கானாவில் ஃபாப்ரி. வெனெத்தோ, ஃப்ரியூலியில் ஃபாப்ரிஸ். சார்தீனியாவில் ஃப்ராவ். கார் கம்பெனியும் சாக்லேட் கம்பெனியும் ஒரே தொழிலின் பெயரில் நடக்கின்றன. இவர்கள் யாரும் ஒருவருக்கொருவர் உறவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஊர்ப்பெயரால் வந்தவை பலரையும் ஏமாற்றுபவை. ஒருவரை அவருடைய ஊர்ப் பெயரால் கூப்பிடுவது அந்த ஊருக்குள் அல்ல, அவர் குடியேறிய இடத்தில்தான். ஜெனோவேசே என்ற குடும்பம் ஜெனோவாவை விட்டு எங்கோ போன குடும்பம். இதற்கு மிகத் தெளிவான உதாரணம் பிராம்பில்லா. பெர்கமோவுக்கு மேலே மலையில் பிரெம்பில்லா என்ற ஊர். மிலானின் விஸ்கோந்தி பிரபுக்களுக்கு ஆதரவாக நின்றதற்காக 1443இல் வெனிஸ் அதை அழித்து மக்களைத் துரத்தியது. ஓடிப்போனவர்கள் மிலான் பக்கம் குடியேறினார்கள். அங்கே அவர்களுக்கு பிராம்பில்லா என்று பெயர் விழுந்தது. ஊர் மலையில், பெயரின் கூட்டமோ இன்றைக்கு மிலான் சமவெளியில். வரைபடம் கூட்டத்தைத்தான் காட்டும், ஊரைக் காட்டாது.

நான்காம் படி: வரைபடத்தைப் படிக்கப் பழகுங்கள்

இத்தாலிய மொழியில் குடும்பப் பெயர்ப் பரவலைக் காட்டும் இலவசத் தளங்கள் சில இருக்கின்றன. காக்னோமிக்ஸ், ஜென்ஸ் இரண்டும் பலர் பயன்படுத்துபவை. பெயரைத் தட்டினால் எந்த வட்டாரத்தில் எத்தனை குடும்பம் என்று வண்ணப் புள்ளிகளாகக் காட்டும். எஸ்போசித்தோவைத் தட்டினால் நேப்பிள்ஸைச் சுற்றிய கம்பானியா வட்டாரம் மை கொட்டியது போலத் தெரியும்.

இங்கே செய்யும் பெரிய தப்பு, எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது. பெரிய நகரங்களில் எல்லாப் பெயரும் அதிகமாகத்தான் இருக்கும். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 13 லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரு பெயரில் 130 குடும்பங்கள், 4,000 பேர் வாழும் மலைக் கிராமத்தில் அதே பெயரில் 40 குடும்பங்கள். வரைபடத்தில் நகரம்தான் பெரிய புள்ளியாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள். நகரத்தில் பத்தாயிரம் பேருக்கு 1 குடும்பம். கிராமத்தில் பத்தாயிரத்துக்கு 100. தேட வேண்டியது கிராமத்தில்.

மிலானிலும் தூரினிலும் எஸ்போசித்தோ ஏராளம். அதைப் பார்த்து வடக்கிலும் இந்தப் பெயருக்கு வேர் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. 1950களிலும் 60களிலும் தெற்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வடக்கின் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அந்தப் புள்ளிகள் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். பரவல் என்பது இன்றைய நிலை, நகர்ந்துகொண்டே இருப்பது. மிலானில் அதிகம் காணப்படும் குடும்பப் பெயர்களில் இன்று சீனத்தின் 'ஹூ'வும் ஒன்று. இந்தத் தளங்கள் பலவும் தொலைபேசிப் புத்தகத்தை வைத்துத் தொடங்கியவை என்பதையும் மறக்காதீர்கள். தொலைபேசி யார் பெயரில் இருந்ததோ அவர் மட்டும்தான் கணக்கில் வருவார்.

எனவே வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டியது ஒரு முடிவு அல்ல, மூன்று நான்கு ஊர்களின் பட்டியல். அந்தப் பட்டியலோடு அடுத்த படிக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: பதிவேட்டைத் திறங்கள்

'அந்தெனாத்தி' என்றால் முன்னோர்கள். இத்தாலிய அரசின் ஆவணக் காப்பகங்கள் அந்தப் பெயரில் ஒரு தளம் நடத்துகின்றன. பிறப்பு, கல்யாணம், மரணப் பதிவேடுகளின் பக்கங்களைப் படமாக இலவசமாகப் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்திலும் நிறைய இருக்கின்றன. எல்லா ஊரும் கிடைக்காது, பெயரைத் தட்டித் தேடும் வசதியும் எல்லாவற்றுக்கும் கிடையாது. பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். ஆண்டுக் கடைசியில் ஒரு அகரவரிசை இருக்கும், சில ஊர்களில் பத்தாண்டுக்கு ஒன்று இருக்கும். அதிலிருந்து தொடங்கினால் கண் பிழைக்கும்.

எந்தக் காலம் முதல் என்பது ஊரைப் பொறுத்தது. நெப்போலியனின் ஆட்கள் ஆண்ட காலத்தில்தான் அரசாங்கப் பதிவு வந்தது. நேப்பிள்ஸ் பக்கம் 1809இல் தொடங்கி விடாமல் தொடர்கிறது. சிசிலியில் 1820. ஒன்றுபட்ட இத்தாலி முழுவதுக்கும் 1866. வெனெத்தோவிலும் ரோமைச் சுற்றியும் 1871. அதற்கு முந்தையது வேண்டுமென்றால் பங்குக் கோயிலின் பதிவேடுதான். இந்த விஷயத்தில் தெற்கத்திக் குடும்பங்கள் கொடுத்து வைத்தவை.

பக்கத்தைத் திறந்ததும் முழுதும் படிக்க முயற்சி செய்யாதீர்கள். அச்சடித்த படிவத்தில் கையால் நிரப்பியிருப்பார்கள். அச்சு எல்லாப் பக்கத்திலும் ஒன்றுதான். ஒரு தடவை அதைப் புரிந்துகொண்டால் அப்புறம் கையெழுத்து இருக்கும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு விஷயம் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். தகப்பன் பெயருக்கு முன்னால் 'ஃபு' என்று இருந்தால் அவர் அப்போது உயிரோடு இல்லை. அதை வைத்து மரணப் பதிவை எந்த ஆண்டுக்கு முன்னால் தேடுவது என்று தெரிந்துவிடும். இன்னொன்று மாதம். 8 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'ப்ரே' என்று எழுதியிருந்தால் அது ஆகஸ்ட் இல்லை, ஒத்தோப்ரே, அதாவது அக்டோபர். 7 என்றால் செப்டம்பர், 9 என்றால் நவம்பர், ரோமானியப் பத்து என்றால் டிசம்பர். பழைய ரோமானியக் கணக்கில் வருஷம் மார்ச்சில் தொடங்கியதால் வந்த வழக்கம் இது. இது தெரியாமல் இரண்டு மாதம் தள்ளித் தேடி, ஆள் இல்லை என்று விட்டவர்கள் உண்டு.

பெண்கள் எல்லாப் பதிவிலும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் இருப்பார்கள். கல்யாணத்தால் அது மாறாது. இது எவ்வளவு பெரிய உதவி என்பது ஆங்கிலப் பதிவேடுகளில் தேடியவர்களுக்குத்தான் தெரியும்.

தெற்கில் தேடுபவர்கள் விடவே கூடாதது கல்யாணத்தின் இணைப்புக் கோப்பு. 'அல்லெகாத்தி' என்றோ 'ப்ரோச்செஸ்ஸெத்தி' என்றோ தனியாக இருக்கும். மணமக்களின் ஞானஸ்நானப் பதிவின் நகல், தகப்பன் இறந்திருந்தால் அவருடைய மரணப் பதிவு, அவருக்கு முன்பே தாத்தா இறந்திருந்தால் அவருடையது என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். 1830இல் நடந்த ஒரு கல்யாணத்தின் கோப்பு உங்களை 1700களின் கடைசிக்குக் கூட்டிப்போய்விடும், பங்குக் கோயிலுக்கு ஒரு கடிதம்கூட எழுதாமல்.

ஒரே ஊரில் ஒரே பெயரில் பல குடும்பம் இருந்தால்? வெனிஸுக்குத் தெற்கே கியோஜ்ஜா என்ற மீன்பிடி ஊரில் இது உச்சம். எங்கே திரும்பினாலும் பொஸ்கோலோ, இல்லாவிட்டால் தியோஸ்ஸோ. ஆளைப் பிரிக்கக் கிளைக்கு ஒரு பட்டப்பெயர் சேர்த்தார்கள், இன்று அந்தப் பட்டப்பெயரும் அரசாங்கப் பத்திரத்திலேயே ஏறிவிட்டது. பழைய பதிவுகளில் பெயருக்குப் பிறகு 'தெத்தோ' என்ற சொல் வந்தால், அடுத்து வருவது அந்தப் பட்டப்பெயர். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளையைப் பிடித்துப் போக அதைவிட நல்ல கயிறு இல்லை.

ஆறாம் படி: பாதை சக்கரத்தில் போய் முட்டினால்

கைவிடப்பட்ட குழந்தைகளின் பெயர் நேப்பிள்ஸில் மட்டும் இல்லை. ஃப்ளோரன்ஸில் இன்னோச்சென்தி மருத்துவ இல்லம் 1445இல் தன் முதல் குழந்தையை ஏற்றது, அகத்தா என்ற பெண் குழந்தை. இன்னோச்சென்தி, நொச்செந்தீனி என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தன. ரோமில் ப்ரொயெத்தி. மிலானில் கொலொம்போ, ஏனென்றால் அங்கே குழந்தைகளை ஏற்ற பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா. கொழும்பு நகரத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் தேட வேண்டாம். ஆனால் எல்லா கொலொம்போவும் சக்கரத்தில் வந்தவர்கள் இல்லை. அது ஓர் ஆளின் பெயராகவும் இருந்தது, புறா வளர்ப்பவரின் பெயராகவும் இருந்தது. ஜெனோவாவில் பிறந்த கொலம்பஸ் குடும்பத்தின் பெயரும் கொலொம்போதான். இதனால்தான் ஊர் முதலில் என்றேன்.

இன்னோச்சென்தியின் அருங்காட்சியகத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையோடு வந்த அடையாளம். பாதியாக வெட்டிய பதக்கம், உடைந்த சிலுவை, ஒரு மணி. மறுபாதியைத் தாய் வைத்திருந்தாள், என்றைக்காவது திரும்பி வந்து இது என் பிள்ளை என்று காட்ட. அந்த வரிசைக்கு முன்னால் நின்றவர்கள் இந்தக் குழந்தைகளை 'வேண்டாதவர்கள்' என்று சொல்ல மாட்டார்கள்.

நேப்பிள்ஸில் அவர்களை 'மாதாவின் பிள்ளைகள்' என்றே சொன்னார்கள். இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டு பின்தொடர்ந்தது. நேப்பிள்ஸை 1808 முதல் 1815 வரை ஆண்ட முரா இந்தப் பெயரை இனிமேல் வைக்கக் கூடாது என்று தடுத்தார். பிறகு வந்த குழந்தைகளுக்குப் பதிவு அதிகாரிகள் ஆளுக்கொரு பெயரைக் கற்பித்து வைத்தார்கள். ஒரு பூ, ஒரு மாதம், அன்றைய புனிதர் என்று. அதனால் 1815க்குப் பிறகு அக்கம்பக்கத்தில் எங்கும் இல்லாத ஒரு பெயர் திடீரென்று ஒரு ஊரில் முளைத்தால், சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பதிவில் குழந்தையைக் கொண்டுவந்தவர் தகப்பனாக இருக்க மாட்டார், சக்கரத்தைக் காத்த பெண்ணாக இருப்பார். குழந்தை மேல் இருந்த துணியை வரி வரியாக எழுதியிருப்பார்கள். பெயரே குழந்தையின் பிறப்பைக் காட்டிக்கொடுப்பதை நாடு முழுவதும் நிறுத்த 1939வரை ஆனது. பத்திரங்களில் பெற்றோர் பெயரைக் கேட்டு, இல்லாதவர்களைக் கூனிக்குறுக வைத்த கட்டம் 1955இல்தான் நீங்கியது.

அப்படியானால் நகரத்தில் இட்ட பெயர் சுற்றியிருந்த கிராமங்களில் எப்படிப் பரவியது? பால் கொடுக்க ஆள் வேண்டுமே. இல்லங்கள் குழந்தைகளைக் கிராமத்துப் பெண்களிடம் காசு கொடுத்து வளர்க்க அனுப்பின. பல பையன்கள் வளர்ந்த வீட்டிலேயே தங்கி, அந்த ஊரிலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். பெயர் அங்கே வேர்விட்டது. பெண் குழந்தைகளின் பிள்ளைகளுக்குக் கணவன் பெயரே வந்ததால், இன்று இருக்கும் எஸ்போசித்தோக்கள் பெரும்பாலும் அந்தப் பையன்களின் வழி வந்தவர்கள். ஒரு மூதாதையின் வம்சமல்ல, ஆயிரக்கணக்கான தனித்தனித் தொடக்கங்கள். இரண்டு எஸ்போசித்தோக்கள் சந்தித்தால் உறவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஏழாம் படி: இப்போது பொருளைப் பாருங்கள்

ஊரும் பதிவும் கையில் இருந்தால் அகராதி பயன்படும். எமிதியோ தே ஃபெலிச்சே 1978இல் வெளியிட்டதும், காஃபரெல்லியும் மார்க்காத்தோவும் 2008இல் வெளியிட்டதும் நம்பத்தக்கவை. பெயருக்கு இரண்டு மூன்று விளக்கம் கொடுத்திருப்பார்கள். எது உங்களுடையது என்று அகராதி சொல்லாது, பதிவேடு சொல்லும்.

ஒலியை வைத்துப் பொருள் கட்டாதீர்கள். ருவோத்தொலோ என்ற பெயரைப் பார்த்ததும் சக்கரம் நினைவுக்கு வரும். ஆனால் அது பழைய ஜெர்மானிய ஆள்பெயரான ரொதொல்ஃபோவின் வழி வந்தது.

குடும்பச் சின்னம் என்று கேடயமும் சிங்கமும் போட்டு விற்பதை வாங்காதீர்கள். சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு அல்ல. பிரபுப் பட்டங்களையே 1948இன் அரசியல் சட்டம் அங்கீகரிக்கவில்லை. என் நண்பர் சுற்றுலாப் போன இடத்தில் ஒரு கடையில் எஸ்போசித்தோவின் 'வம்சச் சின்னம்' என்று சட்டம் போட்ட படம் ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் மாட்டியிருந்தார். நாங்கள் தேட ஆரம்பித்ததே அதிலிருந்துதான்.

கப்பல் பட்டியலில் ஊர் கிடைத்தது, நேப்பிள்ஸுக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். பிறப்புப் பதிவுகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம். நாலு தலைமுறை தாண்டி 1831இல் ஒரு கல்யாணம். அதன் இணைப்புக் கோப்பில் மணமகளுக்கு ஐந்து தாள்கள். மணமகனுக்கு ஒன்றே ஒன்று. 1807இல் அனுன்சியாத்தா இல்லத்தில் ஏற்கப்பட்ட ஆண் குழந்தை, ஞானஸ்நானம் அன்றே, பெயர் இன்னது, குடும்பப் பெயர் எஸ்போசித்தோ. தகப்பன், தாய் என்ற இடத்தில் ஒரு நீளக் கோடு, மை சற்றே பரவியிருந்தது.

நண்பர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி, அவனுக்குப் பால் கொடுத்தது யார்?" என்று கேட்டார். குழந்தை எந்த ஊரில் எந்தப் பெண்ணிடம் வளர்க்கப் போனது என்பதும் அந்த இல்லங்களின் கணக்கில் இருக்கும், மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டுமே. இப்போது அந்தப் பெண்ணின் பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.